சாதனத்தில் பெயரில்லாத பிள்ளை

தந்தை ஒருவர் தமது சொத்துக்களை யார் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதி, சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்டுப் பெட்டகத்தில் வைத்துவிடுகிறார். அதன் பின்னர் அவருக்கு ஒரு பிள்ளை பிறக்கின்றது. எழுதியதை மாற்றாமலே அவர் இறந்துவிடுகிறார். சாதனத்தில் பெயரில்லாத அந்தப் பிள்ளைக்குத் தந்தையின் சொத்தில் உரிமை உண்டா, இல்லையா?

கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகின் தலைசிறந்த சட்ட அறிஞர்கள் இக்கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகளும் ஒன்றல்ல. ஒரு நாட்டில் அப்பிள்ளைக்கு எல்லாம் உண்டு. இன்னொரு நாட்டில் எதுவும் இல்லை. நம்மவர்கள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் வாழ்கின்றனர். ஊரில் ஒரு காணி, வாழும் நாட்டில் ஒரு வீடு என இரு சட்டங்களுக்கு உட்பட்ட சொத்துக்களை வைத்திருக்கின்றனர். ஆகவே இந்தப் பழைய கதையை அறிந்து வைத்திருப்பது அவர்களுக்கும் பயன்தரும் எனக் கருதுகின்றேன்.

தமிழகத்தார் 'உயில்' என்று சொல்வதையே ஈழத்தில் நாம் மரணசாதனம் என வழங்கி வருகின்றோம். உயில் என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அச்சொல்லைப் போலவே அந்த வழக்கமும் நம்மவர்க்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததே. முதலில் அது செழித்து வளர்ந்த இடமாகிய உரோமாபுரியிலிருந்து தொடங்குவோம்.

உரோமரின் அச்சம்

உரோமக் குடிமகனுக்கு மரணசாதனம் இன்றி இறப்பது ஒரு குறையாகவே இருந்தது. சாதனத்தின் உயிர்நாடி, வாரிசு இன்னார் எனப் பெயர் சொல்லி நியமிப்பதாகும். தம் ஆட்சிக்கு உட்பட்ட மகனை ஒதுக்க விரும்பும் தந்தை அதனை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மகனைப் பற்றி ஒன்றுமே கூறாது மௌனம் சாதித்தால் அச்சாதனம் செல்லாது. மகனுக்குக் கொடுக்காமல் விடும் உரிமை தந்தைக்கு இருந்தது. மகனை மறந்துவிடும் உரிமை இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்வரும் வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே அமைகின்றது.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு விதியும் எழுந்தது. சாதனம் எழுதப்பட்ட பின்னர் வாரிசுரிமை உடைய பிள்ளை ஒன்று பிறந்தால், அப்பிறப்பே சாதனத்தை உடைத்துவிடும். தாயின் வயிற்றில் இருக்கும்போது தந்தை இறந்து, பின்னர் பிறக்கும் குழந்தைக்கும் இது பொருந்தும். கருவிலுள்ள குழந்தையின் நன்மை பற்றிய கேள்வி எழும்போது அது ஏற்கெனவே பிறந்துவிட்டதாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது உரோமச் சட்டம் உலகிற்குத் தந்த கோட்பாடுகளுள் ஒன்று.

விதி நல்லதுதான். ஆயினும் அது ஒரு சிக்கலைத் தோற்றுவித்தது. கவனமாகச் சிந்தித்து எழுதப்பட்ட சாதனம் ஒரு குழந்தையின் பிறப்பால் முழுவதும் பாழாகிவிடும் என்றால் யார்தான் நிம்மதியாக எழுத முடியும்? எனவே இன்னும் பிறவாத குழந்தையை முன்கூட்டியே வாரிசாக எழுதிவைக்கும் வழிகளைச் சட்ட அறிஞர்கள் தேடினர். கி.மு. 66இல் சிசெரோவுடன் ஒரே காலத்தில் நீதித் தலைமைப் பதவி வகித்த அக்குவீலியஸ் கல்லஸ் ஒரு வாசகத்தை வகுத்துக் கொடுத்தார். பாட்டன் உயிருடன் இருக்கையில் தந்தை இறந்து, பாட்டனும் மறைந்த பின்னர் பிறக்கும் பேரப்பிள்ளையை முன்கூட்டியே வாரிசாக்க அது வழிசெய்தது. சாதனம் எழுதியதற்கும் எழுதியவரின் மரணத்திற்கும் இடைப்பட்ட காலத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கான வழியைக் கி.பி. முதலாம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட தனிச் சட்டம் ஒன்று திறந்துவிட்டது. ஒவ்வோர் இடைவெளியாகத் தேடி அடைத்தவர்கள் உரோமர்.

பிறவாத பிள்ளையின் வழக்கு

கி.மு. 93ஆம் ஆண்டளவில் நடைபெற்ற வழக்கொன்றைச் சிசெரோ தம் நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசுகின்றார். கொப்போனியஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், தமக்கு ஒரு மகன் பிறப்பான் என்ற எதிர்பார்ப்பில் அவனையே வாரிசாக எழுதினார். அம்மகன் உரிய வயதை அடையுமுன் இறந்துவிட்டால் கூரியஸ் என்பவர் வாரிசாக வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். எழுதியவர் இறந்தார். ஆனால் மகன் பிறக்கவேயில்லை.

சொத்து யாருக்கு? கொப்போனியஸின் உறவினர் சார்பில் வாதாடிய ஸ்கேவோலா, பிறவாத பிள்ளை இறக்கவும் முடியாது, ஆகவே கூரியஸை வாரிசாக்கும் நிபந்தனை நிறைவேறவில்லை, சொத்து உறவினருக்கே என்றார். எழுத்தின்படி அவர் கூற்றில் பிழை காண இயலாது. எதிர்த்தரப்பில் நின்ற கிராசஸ், எழுதியவரின் உள்ளக்கிடக்கையைப் பாருங்கள் என்றார். தமக்கு மகன் இல்லாத நிலையில் கூரியஸே பெறவேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். மகன் பிறந்து இறந்தாலென்ன, பிறவாமலே போனாலென்ன என்பது அவரது வாதம். கடற்கரையில் துடுப்பைத் தாங்கும் சிறு முளை ஒன்றைக் கண்டெடுத்த இளைஞன் அதைக்கொண்டு ஒரு கப்பலே கட்ட ஆசைப்பட்டானாம். ஸ்கேவோலா ஒரு சொல்லைக் கண்டெடுத்து முழு வழக்கையே கட்டிவிட்டார் என்று கிராசஸ் நகையாடியதாகச் சிசெரோ பதிவுசெய்கின்றார். இவ்விருவரும் கி.மு. 95இல் உரோமின் இணைத் தலைவர்களாக ஒன்றாக ஆட்சிபுரிந்தவர்கள். வழக்கில் கிராசஸே வென்றார். எழுத்தா, எண்ணமா என்னும் கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை நீதிமன்றங்களை விட்டு நீங்கவில்லை.

பிறக்கவிருக்கும் குழந்தை ஒன்று எத்தனை பேருடைய ஆசைக்குக் குறுக்கே நின்றது என்பதற்குச் சிசெரோ தரும் வேறொரு செய்தி சான்றாகும். தாம் ஆசிய மாகாணத்தில் இருந்த காலத்தில் மிலேத்தஸ் நகரப் பெண்ணொருத்தி, தன் கருவிலிருந்த குழந்தைக்கு அடுத்த நிலையில் இருந்த வாரிசுகளிடம் பணம் பெற்றுக்கொண்டு அக்கருவை அழித்ததற்காக மரண தண்டனை பெற்றாள் என அவர் கூறுகின்றார். தந்தையின் நம்பிக்கையும் குடும்பத்தின் வாரிசும் பறிபோயின என்பதையே அவர் குற்றமாகக் காட்டுகின்றார். சொத்துரிமை என்பது அன்றும் இரத்தம் தோய்ந்த விடயமாகவே இருந்தது.

ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் சட்டங்களைத் தொகுத்தபோது, பிள்ளைகளை ஒதுக்கும் முறையில் மகனுக்கும் மகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை நீக்கினார். எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லியே ஒதுக்க வேண்டும் என்றாக்கினார். நான்கு பிள்ளைகள் வரை இருப்பின் சொத்தின் மூன்றிலொரு பங்கும், அதற்கு மேற்படின் பாதியும் அவர்களுக்கெனக் கட்டாயமாக ஒதுக்கப்பட்டன. பிள்ளையை ஒதுக்கத் தக்க காரணங்கள் இவை எனப் பதினான்கினைப் பட்டியலிட்டார்.

ஒல்லாந்தர் கப்பலில் வந்த சட்டம்

உரோமருடைய இக்கதைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. உரோமச் சட்டம் நெதர்லாந்தின் உள்ளூர் வழக்கங்களோடு கலந்து உரோமன்-டச்சுச் சட்டமாயிற்று. லூவஸ்டைன் கோட்டையில் சிறைப்பட்டிருந்த காலத்தில் ஹியூகோ குரோஷியஸ் எழுதி, 1631இல் வெளியான நூல் அச்சட்டத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்று. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். 1796இல் அவர்களிடமிருந்து கரையோரப் பகுதிகளைப் பெற்ற பிரித்தானியர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் இருந்த சட்டங்களையே தொடர அனுமதித்தனர். ஒல்லாந்து நாட்டிலேயே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட சட்டம் இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் உயிர்வாழ்வது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

ஆனால் பிள்ளைகளுக்கு அச்சட்டம் தந்த காப்பு இலங்கையில் நிலைக்கவில்லை. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், மரணசாதனம் எழுதுபவர் தம் சொத்தை விரும்பியவருக்குக் கொடுக்கலாம் என முழுச் சுதந்திரம் வழங்கியது. பிள்ளையையோ பெற்றோரையோ ஒதுக்கலாம். பெயர் குறிப்பிடாமலே விட்டுவிடலாம். காரணம் கூறவும் வேண்டியதில்லை. உரோமத் தந்தைக்கு மறுக்கப்பட்ட மௌனத்தின் உரிமை, பிரித்தானிய ஆட்சியில் இலங்கைத் தந்தைக்கு வழங்கப்பட்டது. பிள்ளைகளுக்கெனச் சட்டம் ஒதுக்கியிருந்த பங்கும் அத்தோடு மறைந்தது.

அதற்கு நான்காண்டுகள் முன்னர் பிறந்த 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், எழுதிய சாதனம் எவ்வெவ் வழிகளில் இரத்தாகும் என்பதை வரையறுத்தது. எழுதியவர் பின்னர் திருமணம் செய்தல், இன்னொரு சாதனம் எழுதுதல், எரித்தல், கிழித்தல் முதலியன அவ்வழிகள். பிள்ளை பிறத்தல் அப்பட்டியலில் இல்லை.

இங்கிலாந்தின் மனமாற்றம்

இவ்வரையறை இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியைப் பின்பற்றியது. அதற்கு முன்னர் ஆங்கில நீதிமன்றங்களும் பின்பிறந்த பிள்ளையின் பக்கம் சாய்ந்தே இருந்தன. 1792இல் கென்யன் பிரபு முன்னிலையில் வந்த வழக்கில், சாதனம் எழுதிய பின் ஒருவர் மணம் முடித்து, மனைவி கருவுற்றிருக்கையில் இறந்திருந்தார். மணமும் பிறப்பும் சேர்ந்து அச்சாதனத்தை இரத்தாக்கிவிட்டன எனத் தீர்ப்பாயிற்று. தன் நிலை முழுவதும் மாறினால் இந்த எழுத்து செல்லாது என்னும் நிபந்தனை ஒவ்வொரு சாதனத்திலும் சொல்லாமலே அடங்கியிருக்கிறது என்பது அதன் சாரம்.

1837இல் பாராளுமன்றம் இந்த ஊகங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சூழ்நிலை மாறிவிட்டது என்பதைக் கொண்டு எழுதியவரின் எண்ணமும் மாறியிருக்கும் என ஊகிக்கக் கூடாது என்றது. திருமணம் மட்டும் சாதனத்தை இரத்தாக்கும். உறுதித்தன்மை கிடைத்தது, அதற்கான விலையைப் பின்பிறந்த பிள்ளை செலுத்தியது. மணமான பின் எழுதப்பட்ட சாதனத்திற்குப் பிறகு பிறந்த பிள்ளை பெயரின்றி நின்றது.

இக்குறையை நீக்கும் முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. நியூசிலாந்து 1900இல் இயற்றிய சட்டம், சாதனத்தில் போதிய ஏற்பாடு செய்யப்படாத மனைவிக்கும் பிள்ளைக்கும் நீதிமன்றம் ஒரு பங்கை வழங்க இடமளித்தது. இங்கிலாந்து 1938இல் அவ்வழியில் சென்றது. அங்கு இன்று நடைமுறையிலுள்ள 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தந்தை இறக்கும்போது கருவில் இருந்த குழந்தையும் விண்ணப்பிக்கலாம். எனினும் இது தானாக வரும் உரிமையன்று. கேட்க வேண்டும், நீதிபதி இணங்க வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்கள் உரோமரின் மனப்போக்கிற்கு அண்மையில் நிற்கின்றன. சாதனத்தின் பின்னர் பிறந்த பிள்ளையைத் தந்தை வேண்டுமென்றே ஒதுக்கவில்லை, மறந்துதான் போனார் எனக் கொண்டு அதற்கு ஒரு பங்கை அவை வழங்குகின்றன. ஒதுக்கியது வேண்டுமென்றே என்பது சாதனத்தால் தெளிவாகுமாயின் அப்பங்கு கிடைக்காது.

முதுசமும் பிறப்புரிமையும்

நமது மரபுகள் இக்கேள்வியை வேறு வகையில் அணுகின. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாட்சரத்தின்படி, முன்னோர் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு. தந்தை கொடுத்து மகன் பெறுவதன்று அது. கருவில் மகன் இருக்கையில் பாகப்பிரிவினை நடந்தால், பின்னர் பிறக்கும் அவனுக்கும் பங்கு உண்டு. உயில் எழுதும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் பரவியபோது இம்மரபோடு அது மோதியது. தந்தை முன்னோர் சொத்தை உயிலால் பிறருக்கு எழுதியிருந்தாலும், அவர் இறக்கும்போது கருவிலிருந்த மகனின் உரிமையை அது தொடாது எனச் சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் 1880களில் தீர்த்தன. மகளுக்கு அந்தப் பிறப்புரிமை இந்திய அளவில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே கிட்டியது. அதேவேளை, கூட்டுச் சொத்தில் தமக்குரிய பங்கை உயிலால் எழுதிவைக்க 1956ஆம் ஆண்டுச் சட்டம் இடம்கொடுத்துவிட்டது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையை, ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்துப் பார்த்த அம்மரபில், எது யாருக்குப் போகும் என்பது சொத்தின் வகையிலேயே பெரிதும் தங்கியிருந்தது. தேடியதேட்டத்தில் தம் பாதிக்கு மேல் கணவரோ மனைவியோ மரணசாதனம் எழுத இன்றும் முடியாது. ஆயினும் தமக்குரிய பங்கைப் பொறுத்தவரை, பின்பிறந்த பிள்ளையை விட்டுவிடும் சாதனத்தை இது தடுப்பதில்லை.

இசுலாமியச் சட்டக் கோட்பாடு இவ்விடயத்தில் மிகத் தெளிவானது. மரணசாதனத்தால் கொடுக்கக்கூடியது மூன்றிலொரு பங்கு மட்டுமே. எஞ்சியது வகுக்கப்பட்ட பங்குகளாக உரியவர்களைச் சேரும். கருவிலிருக்கும் குழந்தைக்கான பங்கை நிறுத்திவைப்பதும் அதன் மரபு.

நான் அறிந்த ஒரு வீடு

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் புதுக்கடை நீதிமன்ற வளவில் நான் கேட்டறிந்த குடும்பக் கதைகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் பெயர், ஊர் தவிர்த்து இங்கு கூறுகின்றேன். அரச உத்தியோகத்தர் ஒருவர் தம் மகனுக்கு வீட்டையும் மகளுக்கு வயலையும் எழுதிவைத்தார். சில ஆண்டுகளின் பின் எதிர்பாராமல் மூன்றாவதாக ஓர் ஆண்பிள்ளை பிறந்தான். கடைக்குட்டி என்பதால் தகப்பனுக்கு அவன்மீது அளவற்ற பாசம். பள்ளிக்கூடத்திற்குத் தாமே சைக்கிளில் ஏற்றிச் செல்வார். சாதனத்தை மாற்ற வேண்டும் என்று மனைவி சொன்ன போதெல்லாம், "இப்ப என்ன அவசரம், பாப்பம்" என்பாராம். மாரடைப்பு அவருக்கு அந்த அவகாசத்தைத் தரவில்லை.

நொத்தாரிசு சாதனத்தை வாசித்து முடித்ததும் தாய் கேட்டது ஒன்றுதான்: "இவன்ரை பேர் எங்கை, ஐயா?" அதற்கு எவரிடமும் விடை இல்லை. அக்காள் தன் வயலிற் பாதியைத் தம்பிக்கு நன்கொடை உறுதியாக எழுதிக்கொடுத்தாள். அண்ணன் கொடுக்கவில்லை. சட்டப்படி அவன் பிழை செய்யவும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் உடன்பிறப்புகள் மூவரும் பின்னர் ஒன்றாக அமர்ந்து உண்டதில்லை என அறிந்தேன். தம்பியை வாட்டியது காணியின் பெறுமதி அன்று. "அப்பா என்னை நினைக்கவில்லையா" என்னும் கேள்விதான். அதற்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்புக் கூற இயலாது.

உலகறிந்த உதாரணம் ஒன்றும் உண்டு. அவுஸ்திரேலிய நடிகர் ஹீத் லெட்ஜர் 2003இல் எழுதிய சாதனத்தில் பெற்றோருக்கும் சகோதரிகளுக்கும் சொத்தை விட்டிருந்தார். மகள் மற்றில்டா 2005இல் பிறந்தாள். 2008 ஜனவரியில் நியூயோர்க்கில் அவர் 28 வயதில் காலமானபோது சாதனம் மாற்றப்படாமலே இருந்தது. அவ்வாண்டிலேயே, எல்லாவற்றையும் பேத்திக்கே கொடுத்துவிட்டதாக அவருடைய தந்தை அறிவித்தார். பெருந்தன்மை உள்ள குடும்பம். எல்லாக் குடும்பங்களும் அப்படி அமைந்துவிடுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

புலம்பெயர்ந்த வாசகர்கள் தாம் வாழும் நாட்டின் சட்டம் எந்த அணியைச் சேர்ந்தது என்பதை அறிந்திருத்தல் நன்று. பிரான்சில் ஒரு பிள்ளை இருப்பின் சொத்தின் பாதியும், இருவர் இருப்பின் மூன்றில் இரண்டும், மூவர் அல்லது அதற்கு மேல் இருப்பின் நான்கில் மூன்றும் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. எப்போது பிறந்தது என்பது அங்கு கேள்வியே அன்று. ஜேர்மனியிலும் பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு உண்டு. சுவிற்சர்லாந்தில் பிள்ளையின் கட்டாயப் பங்கு, சாதனம் இல்லாதபோது கிடைக்கக்கூடியதில் நான்கில் மூன்றாக இருந்து, 2023 ஜனவரி முதல் பாதியாகக் குறைக்கப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2022 ஜனவரி முதல் திருமணம்கூடப் பழைய சாதனத்தை இரத்தாக்குவதில்லை. இங்கிலாந்திலும் அவ்விதியை நீக்குமாறு அந்நாட்டுச் சட்ட ஆணைக்குழு 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. சாதனங்கள் இவ்வாறு நீடித்து நிற்கும்போது பழைய எழுத்தின் ஆயுள் கூடுகிறது. அதனைப் புதுப்பிக்க வேண்டிய பொறுப்பும் கூடுகிறது.

இலங்கையில் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளும் போதும், ஒரு மரணசாதனம் எழுத. எழுதும்போது பெயர்களோடு நின்றுவிடாது, "எனக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளும்" என்ற சில சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அக்குவீலியஸ் கல்லஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த வேலையும் இத்தகையதே. பிள்ளை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது போல, எழுதிய சாதனத்தையும் எடுத்து ஒருமுறை படித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

கொடுப்பதும் கொடாததும் எழுதுபவரின் விருப்பம் என்று சட்டம் சொல்லலாம். அதனை நான் மறுக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவதற்கும் சில வேளைகளில் நியாயம் இருக்கக்கூடும். ஆனால் அந்த முடிவு எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். மறதியால் நேர்ந்ததாக இருத்தல் ஆகாது. மகனை ஒதுக்க விரும்பும் தகப்பன் அவன் பெயரைச் சொல்லித்தான் ஒதுக்க வேண்டும் என்று உரோமர் வற்புறுத்தியதன் பொருளை, இத்தனை வழக்குகளையும் படித்த பின்னரே நான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.